எப்பம் வந்தே, எப்பம் போறே

"எப்போது திரும்பிப் போகிறாய்?" என்று அந்த மனிதர் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் துறைமுக ஊரில், காலை ஏழரை மணி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தூறல். அந்த ஊர் மழைக்குச் சத்தம் கிடையாது; சட்டை நனைந்த பிறகுதான் பெய்துகொண்டிருப்பது தெரியும். நிறுத்தத்தில் நானும் அவரும் மட்டும். அறுபது வயதிருக்கும், அக்குளில் மடித்து வைத்த செய்தித்தாள். நான் அங்கே போய் ஒன்றரை வருடத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் தாமாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. விடுவேனா?

"ஓணத்துக்குப் போகிறேன். மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது" என்றேன். ஓணம் தெரியாதே அவருக்கு என்று அதையும் விளக்கினேன். பூக்களம், வாழையிலைச் சாப்பாடு, நாங்கள் தமிழ் பேசுகிற வீட்டார் என்றாலும் ஓணமும் பொங்கலும் இரண்டும் எங்களுக்கு உண்டு என்பது வரை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூன்று வாரம்தானா?" என்றார்.

"அவ்வளவுதான் கொடுத்தார்கள்" என்று நானும் வருத்தப்பட்டேன்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததில் வருவார் என்று நினைத்துக்கொண்டு கையசைத்துவிட்டு ஏறினேன்.

என் மேல் முழுத் தப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில், அதாவது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், வெளியூரிலிருந்து வந்தவரைப் பார்த்தால் கேட்பதற்கு இரண்டு கேள்விகள் உண்டு. "எப்பம் வந்தே? எப்பம் போறே?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். வளைகுடாவிலிருந்து பெட்டியோடு இறங்குகிறவனிடம் ஆட்டோக்காரர் கேட்பார், கோயில் நடையில் பூக்காரி கேட்பாள். சுகமா இருக்கியா என்பதன் எங்கள் ஊர் வடிவம் அது. கேட்காவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம்.

லேபில் என்னோடு வேலை செய்யும் நோராவிடம் பெருமையாகச் சொன்னேன். நாங்கள் கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கிறவர்கள். அவள் கையிலிருந்த மாதிரிக் குப்பியைக் கீழே வைத்தாள். காது வரை சிவந்துவிட்டது.

"சௌமியா, அவர் விசாரிக்கவில்லை. போகச் சொன்னார்."

அப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போகச் சொன்னவரிடம் சாம்பாரும் பாயசமும் வர்ணித்திருக்கிறேன்! சிரிப்பு நின்றது இரண்டு வாரம் கழித்து. நான்கு பேரோடு ஒரே குளியலறையைப் பங்கிட்டுச் சலித்துப்போய், ஒரு சிறிய வீட்டு விளம்பரத்தைப் பார்த்து மதிய இடைவேளையில் தொலைபேசினேன். "வணக்கம், வீடு விஷயமாக..." என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிறு இடைவெளி. "அடடா, போய்விட்டதே" என்றது ஒரு நல்ல குரல். பத்து நிமிடம் கழித்து நோரா அதே எண்ணுக்குக் கூப்பிட்டாள். "இன்றைக்குச் சாயங்காலமே வந்து பார்க்கலாம், அன்பே" என்றது அதே குரல். நோரா தன் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். சிலருக்குச் சமையல் வாடை பயம் என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள். என் டப்பாவில் புளிசேரி, அதாவது மோர்க்குழம்பு, ஊற்றிய சோறு இருந்தது.

அந்த டப்பாவை மூடும்போதுதான் இந்தப் பயணத்தின் எண்ணம் பிறந்தது. ஓணத்துக்கு எப்படியும் போகிறேன். இந்தத் தடவை விருந்தாளியாகப் போகாமல், குடியிருக்க முடியுமா என்று பார்க்கிறவளாகப் போனால் என்ன? எங்கள் ஊர் கொல்லயிலில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று என் பங்காகக் காலியாகக் கிடக்கிறது. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்த ஆள் கேட்டிருந்தார்கள். லேபிலோ இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதமா என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். லீவு முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். மூன்று வாரம். இரண்டு வீடு. ஒன்று கையில், ஒன்று "போய்விட்டது".

முதல் நாளே மாநிலம் தாண்டிப் போய்விட்டேன்.

திருவனந்தபுரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறியதும் எதிர் இருக்கைப் பெண் பொதியிலிருந்து வாழைக்காப்பம் எடுத்து நீட்டினாள். ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரனை, மாவில் தோய்த்துப் பொரித்தது; எங்களூர்ச் சாயாக்கடைகளின் உயிர். விமானத்தில் கொடுத்த ரொட்டிக்குப் பின் அதைக் கடித்ததும் கண் சொக்கிவிட்டது. நெய்யாற்றின்கரை தெரிந்தது. அமரவிளை தெரிந்தது. அப்புறம் விழித்துப் பார்த்தால் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருக்கிறது. குழித்துறை. பாறசாலை எப்போதோ பின்னால் போயிருந்தது.

பெட்டியை இழுத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பஸ்ஸில் களியக்காவிளை வரை. அங்கே எல்லை. பஸ் அதற்கு மேல் வராது. இறங்கி, கேரளத்துப் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். ஐம்பதடி தூரத்தில் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. பெட்டியை ஏற்றிக் கொடுத்த கண்டக்டர் மலையாளத்தில் கேட்டார்: "எப்போ வந்நு? எப்போழா போகுந்நே?"

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கேள்வி. டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிற சாக்கில் முதலில் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பஸ் நிறுத்தத்தின் தூறல் ஞாபகம் வந்தது.

"மூணு ஆழ்ச்ச" என்றேன் கடைசியில். மூன்று வாரம்.

"அத்ரயே உள்ளோ?", அவ்வளவுதானா என்று வருத்தப்பட்டார். பஸ் நிறுத்தத்து மனிதரும் இதையேதான் கேட்டார், "மூன்று வாரம்தானா?" என்று. கிட்டத்தட்ட அதே சொற்கள்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் அண்ணன் நின்றிருந்தான். மகேஷ் என்று பெயர். அங்கேதான் அவனுடைய டைல்ஸ், சிமெண்ட் கடை. "ரயில்ல ஏறினவ பஸ்ஸுல வாறா! என்ன பிள்ளே, வழி மறந்து போச்சா?" என்று தலையில் ஒரு தட்டு.

"வழி எல்லாம் ஞாபகம் உண்டு. ஸ்டேஷன் வந்தப்பம் நான் உறங்கிட்டேன்."

"அங்க ராத்திரி ஆவும்லா, அதாக்கும்" என்று மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தே எனக்குச் சமாதானமும் சொன்னான்.

அடுத்த நான்கு நாட்கள் நான் தின்றேன். வேறு வார்த்தை இல்லை. அம்மா வைத்த உள்ளித் தீயல், எரிசேரி, மட்டிப்பழம். எங்கள் வீடு சைவம். மீன் மணத்துக்கு ஜன்னல் சாத்துகிற வீடு. தீயலுக்குத் தேங்காய் வறுக்கும் வாசனை ஏறியதும் அடுக்களைப் படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே என் அறையில் தேங்காய் வறுத்தால் புகை அலாரம் கத்தும். நான்கு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். இங்கே மைனி, அண்ணன் மனைவி, "இன்னும் கொஞ்சம் செவக்கட்டு" என்பாள். ஓட்டின்மேல் மழை பெய்தால் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், அத்தனை சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இங்கே வந்துவிடலாம் என்று இரண்டாம் நாள் நோட்டில் எழுதி வைத்தேன்.

ஆனால் வெளியே போனால் கேள்வி. பால் சொசைட்டியில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கேட்டாள். பூக்களத்துக்குத் தோவாளைப் பூ வாங்கப் போன இடத்தில், தராசைப் பிடித்துக்கொண்டே கேட்டார் பூக்காரர். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அதுதான் சங்கடம். முன்பெல்லாம் அந்தக் கேள்வி என்னைத் தொட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

அம்மா மட்டும் கேட்கவே இல்லை. அவள் கேட்க வேண்டியதில்லை. எந்த நாளில் எனக்குக் கட்டிக்கொடுக்க ஏத்தங்காய்ச் சிப்ஸ், எங்கள் உப்பேரி, போடத் தொடங்குகிறாளோ, அதற்கு மூன்றாம் நாள் நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம்.

நியாயமாகச் சொன்னால், யாரோ ஒருவர் என்னை வேற்றாளாகப் பார்ப்பது அயர்லாந்தில் தொடங்கியதல்ல. திருவனந்தபுரத்தில் கல்லூரி விடுதியில் தமிழில் வீட்டுக்கு ஃபோன் பேசினால் "பாண்டி" என்று தமிழரைக் கேலி செய்து ஒரு குரல் வரும். நாகர்கோவில் துணிக்கடையில் நான் வாய் திறந்ததும் "மலையாளத்துப் பிள்ளையா?" என்பார்கள். இரண்டு பக்கமும் பழகியவள் என்கிற தைரியத்தில்தான் விமானம் ஏறினேன். ஆனால் அந்த இரண்டு இடத்திலும் யாரும் எனக்கு வீடு இல்லை என்று சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் என் வீட்டைப் பார்க்கப் போனேன். பின்பக்க ஒழுங்கைத் தெருவைப் பார்த்த வாசல். உள்ளே புதுத் தரை போட்டிருந்தார்கள். மழைக்காலத்திலும் கண்ணாடியாக இருந்தது. "பாத்தியா, ஒரு கோலிய வச்சா உருளாது. அப்பிடி ஒரு மட்டம்" என்று கூடவே வந்த அண்ணன் பெருமைப்பட்டான். நீ வருகிறாயா இல்லையா என்று அவன் நேராகக் கேட்கவில்லை. ஆனால் வாசலில் ஒரு பலகை சாத்தியிருந்தது. ஒட்டுப்பலகைத் துண்டில் அவனே பெயிண்டால் எழுதியது. நான் வராவிட்டால் வாடகைக்கு விட.

மேலே மலையாளம், கீழே தமிழ். தமிழ் வரி இப்படி இருந்தது:

வீடு வாடகைக்கு உண்டு. பங்காளிகளுக்கு இல்லை.

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. அப்பாவின் தம்பி. அடுத்த புரயிடம், அதாவது வீட்டுமனை, அவருடையது. தாத்தா திருவிதாங்கூர்க் கச்சேரியில் எழுத்தராக இருந்து வாங்கிய பூமியை அப்பா இருந்த காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் அளந்து பிரித்துக்கொண்டது. ஒருவருக்கொருவர் அசல் பங்காளி.

"எலே மகேசு! எனக்க வீட்டுக்கு மேல்கூரை இல்லன்னு உங்கிட்ட வந்து நின்னேனாலே? பங்காளிக்கு இல்லன்னு எழுதி ரோட்டப் பாத்து வச்சிருக்கியே! போறவன் வாறவன் எல்லாம் வாயிச்சிட்டு எனக்க மொகத்தப் பாக்கான்."

அண்ணன் திகைத்துவிட்டான். "ஐயோ சித்தப்பா, அது நம்ம பங்காளி இல்ல. பங்காளி! பங்காளி!"

"ரெண்டு தடவ சொன்னா மாறிப் போவுமாலே?"

"டைல்ஸ் ஒட்டவும் கெட்டடத்துக்கும் வடக்கேருந்து வாறானுவல்லா, அந்தப் பங்காளி!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வடநாட்டுத் தொழிலாளி எந்த மாநிலத்தானாக இருந்தாலும் எங்களூரில் அவன் வங்காளி. மலையாளத்தில் அதை 'பலம்' என்பதில் வரும் ப போல அழுத்திச் சொல்வார்கள்; அந்த எழுத்துக்கு அங்கே தனி வடிவம் உண்டு. தமிழில் இருப்பது ஒரே ப. மலையாளம் மீடியத்தில் படித்த அண்ணன் கேட்ட சொல்லை அப்படியே தமிழில் இறக்கிவிட்டான், அது நேரே போய்ச் சொந்தச் சித்தப்பாவின் தலையில் இறங்கிவிட்டது.

"அது வ, அண்ணா. வங்காளி" என்றேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு என்ன தெரியும்? தமிழு எனக்க வாயில உண்டு, கையில கெடையாது" என்று சலித்துக்கொண்டு போய் டர்ப்பன்டைன் எடுத்துவந்து தமிழ் வரியைத் துடைத்தான். சித்தப்பா துடைத்து முடியும் வரை வேலியைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். மைனி அடுக்களையில் சிரித்த சிரிப்பில் பாத்திரம் விழுந்தது. நானும் அன்று பகல் முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். துடைக்காமல் விட்ட மேல் வரியை நான் யோசிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தேன். சாயாவும் ரசவடையும் வாங்கி வைத்திருந்தான். முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார்; கால் விரலெல்லாம் சிமெண்டு. ரத்தன் என்று பெயர், கையில் ஆறேழு வருடத் தொழில், அண்ணன் கடையின் முக்கியமான டைல்ஸ்காரர். சரளமான மலையாளம், ஆனால் வினைச்சொற்கள் எல்லாம் ஒரே அச்சு.

"முதலாளி, பின்னால் வீடு காலி உண்டென்று பார்த்தேன். பெண்டாட்டி வந்திருக்கிறது. இப்போது ஆறு பேர் உள்ள அறையில் எப்படி இருக்கும்?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "போர்டில் வங்காளிக்கு இல்லை என்று இருக்கிறது. நான் அஸ்ஸாம் அல்லவா முதலாளி" என்றார்.

அண்ணனுக்குத் தன் போர்டிலிருந்து தப்பிக்க அவரே ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார். சிரித்துவிட்டு அதன் வழியே போயிருக்கலாம்.

அண்ணன் சாயா கிளாஸைப் பார்த்தான். ஒரு சிறு இடைவெளி.

"அது கொடுத்தாச்சு ரத்தா. காலையிலே போச்சு."

"சரி முதலாளி" என்றார் ரத்தன். ஒரு பொதி வெள்ளை சிமெண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடைவெளி எனக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் ஃபோனில் அதைக் கேட்டிருக்கிறேன். அதன் நீளம்கூட ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு நாளும் அந்த நல்ல குரலுக்கு நான் ஒரு முகம் கற்பனை செய்துவைத்திருந்தேன், கோணல் வாயோடு. இப்போது அந்தக் குரல் என் அண்ணன் முகத்தோடு ரசவடையைப் பிட்டு என் பக்கம் நகர்த்தியது.

"வீட்ட யாருக்கு அண்ணா கொடுத்த?"

"சும்மா இரி. ஒருத்தனுக்குக் கொடுத்தா பொறவு பத்து பேரு வந்து கெடப்பானுவ. சுத்துவட்டத்துல சொல்லுவாவ. உனக்க மைனி மீன் வாடை தாங்குவாளா?"

"எனக்கும் அதேதான் சொன்னாவ. வாடை."

"யாரு?"

வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன். பஸ் நிறுத்தம், ஃபோன், நோரா, எல்லாம். அண்ணனுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"உனக்கு வீடு இல்லன்னா? அவன் யாரு உனக்கு வீடு இல்லன்னு சொல்ல? நம்மட்ட வீடு இல்லியா?"

"அண்ணா, நீயும் இப்பம்..."

"அவனும் நீயும் ஒண்ணா பிள்ளே? நீ படிச்சிட்டுப் போனவ."

"ஃபோனுல அது அந்த ஆளுக்குத் தெரியாதே."

அவன் கேட்கவில்லை. அவன் கண்ணில் நீர் நின்றது. "நீ போவாண்டாம். இஞ்ச வா. பலகைய நான் இப்பமே எடுக்கேன். அது உனக்க வீடாக்கும்." சொன்னபடியே அன்று பலகையை எடுத்து அடுப்புக்கு உடைத்துவிட்டான்.

ஆக, என் கேள்வி இன்னும் சிக்கலானது. என்னை வா என்று கூப்பிடுகிற வீடு, இன்னொருவரை இல்லை என்று அனுப்பிய அதே வீடு. இரண்டையும் செய்தது ஒரே மனம், அதுவும் என்மேல் உயிரை வைத்திருக்கிற மனம்.

இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள் பூவாருக்குப் பஸ் ஏறினேன். சின்ன வயதில் பிடித்த இடம். நெய்யாறு மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு கடலில் போய்ச் சேரும். இப்போது கரையெல்லாம் படகுக்காரர்கள். இறங்கியதும் ஒருவர் ஓடிவந்து ஆங்கிலத்தில் தொடங்கினார். "எனக்கு ஊரு கொல்லயிலாக்கும்" என்றேன். "அப்பம் படகு வேண்டாம் இல்லியா?" என்று உடனே ஆர்வம் இழந்தார். ஒரு கணம் கழித்து, போகிற போக்கில், "எப்பம் வந்தே?" என்றார். இரண்டாம் கேள்விக்கு முன் நான் நகர்ந்துவிட்டேன்.

கரையில் நிலக்கடலைக்காரனிடம் ரத்தன் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல சட்டை, கூட மனைவி. என்னை அவர்தான் முதலில் கண்டார். கடலைப் பொட்டலத்தை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டே, மலையாளத்தில், என் வாயிலிருந்து வந்தது:

"நாட்டில் எப்போழா போகுந்நே?" ஊருக்கு எப்போது போகிறாய்.

கேட்டு முடித்த பிறகுதான் எனக்குக் கேட்டது.

ரத்தன் சிரித்தார். "எல்லாரும் கேட்கும் சேச்சி. முதலாளி கேட்கும், பஸ்ஸில் கேட்கும், கடையில் கேட்கும். முதலில் நான் வருத்தப்படும், பிறகு எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் என்று தெரிந்தது." மனைவியிடம் ஏதோ சொன்னார், அவளும் சிரித்தாள். "சேச்சி எப்போ போகும்?"

"இந்தச் சனி அல்ல, அடுத்த சனி."

"அது போவதா, வருவதா? வீட்டுக்கா வேலைக்கா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை; மலையாளத்தில் சரியான வினைச்சொல்லைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் ஒரு கடலையை உடைத்துத் தின்றேன்.

"அந்த வீட்டில் யார் வந்தது சேச்சி?" என்றார் பிறகு.

இதோ, ஒரு சிறு இடைவெளி. இந்தத் தடவை அது என்னுடையது.

"நான்தான்" என்றேன். "வரலாமா என்று பார்க்கிறேன்."

"அது நல்லது!" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. "அந்தத் தரை நான் போட்டது. குளிமுறியில் வாதிலுக்குப் பின்னால் ஒரு டைல், தட்டினால் பொள்ளச் சத்தம் வரும். அன்றைக்கு முதலாளி அவசரப்படுத்தியது. சேச்சி வரும்போது சொல்லுங்கள், நான் வந்து மாற்றித் தரும்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. கோலி உருளாத அந்த மட்டம் இவர் கையுடையது என்று அண்ணன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இறங்கியதும் நேரே என் வீட்டுக்குப் போனேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொரு டைலாகத் தட்டினேன். மூன்றாவது வரிசையில் ஒன்று, உள்ளே காற்று இருப்பது போல், பொள்ளென்றது. மற்றவை எல்லாம் கெட்டி. ஆறு பேர் உள்ள அறையில் படுத்துக்கொண்டு, தனக்கு இல்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் ஒரு டைலை நினைவு வைத்திருக்கிறார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். மழை வந்தது, ஓட்டின்மேல் அதே சத்தம். எத்தனை ஆசைப்பட்ட சத்தம்! ஆனால் நேர்மையாக யோசித்தால், நான் இந்த வீட்டில் குடியிருக்க வரவில்லை. ஒரு குரலிடமிருந்து ஓடி வந்திருக்கிறேன். தீயலும் மழையும் எனக்கு வேண்டும், எப்போதும் வேண்டும். அதே அளவுக்கு அந்த வேலையும் எனக்கு வேண்டும். அந்த ஊரின் கிணறுகளை இப்போது எனக்குப் பண்ணைப் பெயரோடு தெரியும். எது மழைக்குப் பின் கலங்கும், எதில் இரும்பு ஏறும் என்று சொல்வேன். அங்கே ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இங்கே ஒரு வீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த நல்ல குரலுக்கு நானும் ஒரு கை உதவி செய்ததாகிவிடும்.

திருவோணத்துக்கு மறுநாள், போளியும் பாயசமும் மிச்சமிருந்த மத்தியானத்தில், விஷயத்தை எடுத்தேன். நான் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று லேபுக்கு எழுதிவிட்டேன். வீட்டை ரத்தனுக்குக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் இலையை மடித்தான். மைனி மெதுவாக, "மீனு வைப்பாவ" என்றாள்.

பாயசத்துக்கு வந்திருந்த சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "காத்து எனக்க பக்கமாக்கும் அடிக்கும். மணம் வந்தா எனக்கு வரும். நான் சகிச்சுக்கிடுதேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "எலே மகேசு, பங்காளிக்கு இல்லன்னு எழுதினேல்லா? அந்தக் கொறைக்கு இப்பம் ஒரு பங்காளிக்குத்தாம்லே கொடுக்கணும். நானும் அவனும் அடுத்தடுத்து. ஒனக்கு ரெண்டு பக்கமும் பங்காளி!"

மைனி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. "ஆளு கூடினா நான் கேப்பேன்" என்றான்.

"கேளு" என்றார் சித்தப்பா.

"இவளுக்கு அங்க வீடு இல்ல. இவ இஞ்ச வீடு கொடுக்கா" என்று முணுமுணுத்தான். அவனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கை கழுவியதும் ஃபோனை எடுத்து வாசலுக்குப் போனான். "ரத்தா... ஆ, நான்தான். அந்த வீடு..." என்று தொடங்கி நிறுத்தினான். "அன்றைக்கு நான் சொன்னது பொய்" என்றான் மலையாளத்தில். அதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'ஆள் வரவில்லை' என்று சமாளித்திருக்கலாம்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். சிறிது நேரத்தில் ஏத்தங்காய் சீவுகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை பாறசாலை ஸ்டேஷனுக்கு ஆட்டோ. ஓட்டுகிறவர் கண்ணாடியில் என் பெட்டியைப் பார்த்தார். "எப்பம் போறே மக்கா?"

"இப்பம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இறங்கும்போது அம்மாவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்: "போயிட்டு வாறேன்." எங்கள் பேச்சில் வெறும் "போறேன்" சொல்லிவிட்டு யாரும் படி இறங்க முடியாது, சொன்னால் திரும்பக் கூப்பிட்டுத் திருத்துவார்கள்.

அயர்லாந்தில் இறங்கியதும் முதல் வேலை, வேறொரு வீட்டு விளம்பரத்துக்குக் கூப்பிடுவது. நோராவை விட்டு அல்ல, என் குரலில். இடைவெளி வந்தால் காத்திருப்பேன். போய்விட்டது என்றால், "நான் நேரில் வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அந்த வாசலில் போய் நிற்பேன். பையில் உப்பேரி இருக்கிறது.

காலை ஏழரை மணி பஸ் நிறுத்தத்தில் அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருப்பார். கேட்பாரோ என்னவோ. கேட்டால் ஆங்கிலத்தில் என் பதிலைச் சரியாகச் சொல்ல முடியுமா என்று விமானத்தில் பல தடவை சொல்லிப் பார்த்தேன்: "போயிட்டு வந்தாச்சு."